‘நார்மல்’ என்று சொன்னால் விட்டுவிடலாமா?

கிளினிக்கில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். இயந்திரம் உர்ரென்று இறுக்கி ஓய்கிறது. 132க்கு 84. தாதி அட்டையில் குறித்துக்கொண்டு, “ஓகே, நார்மல்தான்” என்று சொல்லி அடுத்தவரை அழைக்கிறார். நம்மில் பெரும்பாலோர் அதைக் கேட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுவோம். வீட்டில் ஊறுகாயைக் குறைக்கச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள், அவ்வளவுதான்.

அதே நாற்காலியில் அரிவாள் செல் நோயோடு பிறந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அவருக்கு 132க்கு 84 என்பது நார்மல் இல்லை. போன வருடம் 108க்கு 64 இருந்தவருக்கு இப்போது இந்த எண் வந்திருந்தால், அவருடைய சிறுநீரகத்தையும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்களையும் டாக்டர் ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டிய நேரம் அது. இந்த நோயில் இரத்தக்குழாய்களுக்கு என்ன நேர்கிறது, நமக்குப் பழகிப்போன எண்கள் அங்கே ஏன் வேறு பொருள் தருகின்றன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

“அது ஆப்பிரிக்கர்களுக்கு வருகிற நோயாயிற்றே, நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். 1910இல் சிக்காகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் முதன்முதலில் மருத்துவ இதழில் எழுதியது கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு கறுப்பின மாணவரைப் பற்றித்தான். அதனால் அந்த எண்ணம் ஊறிப்போய்விட்டது. ஆனால் 1952இலேயே நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்த மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதிவிட்டார்கள். இன்றும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் இந்த நோயாளிகளுக்கென்று தனியாகவே கவனிப்பு நடக்கிறது. ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, குஜராத் ஆகிய மாநிலங்களின் பழங்குடியினரிடையே நோய் பரவலாகவே உண்டு. இந்திய அரசு 2023 ஜூலையில் இதற்கென ஒரு தேசிய இயக்கத்தையே தொடங்கியது.

மலேசியாவுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்ட வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். தெலுங்கர்கள், மலையாளிகள், அவர்களோடு ஒரு சிறு எண்ணிக்கையில் ஒரியாக்களும் வந்தார்கள். 1980களில் இங்குள்ள ஆய்வாளர்கள் மலேசிய இந்தியர்களிடையே அரிவாள் செல் நோயைக் கண்டு மருத்துவ இதழ்களில் எழுதியபோது, அந்த நோயாளிகள் பெரும்பாலும் ஒரியா வம்சாவளியினர். மூன்று தலைமுறை கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மத்திய இந்தியாவிலிருந்து வந்து கணினித் துறையில் இருப்பவர்களும் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்றும் உண்டு. தலசீமியா மரபணு நம்மவர்களிடம் இருப்பது பலருக்குத் தெரியும். 2016 முதல் மலேசியாவில் படிவம் நான்கு மாணவர்களுக்கு அதற்கான இரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. அப்பாவிடமிருந்து அரிவாள் செல் மரபணு ஒன்று, அம்மாவிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணு ஒன்று என்று குழந்தைக்கு வந்து சேர்ந்தால், அதுவும் அரிவாள் செல் நோய்தான். இரண்டு பேரும் ஆரோக்கியமாக இருப்பார்கள். “எனக்குச் சும்மா மைனர்தான்” என்று இருவரும் சொல்வார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால்தான் பரிசோதனை அறிக்கையில் ‘கேரியர்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எந்த ஹீமோகுளோபினுக்குக் கேரியர் என்றும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வலி இல்லாத நாட்களில் நடப்பது

சிவப்பணுவின் வேலை பிராணவாயுவைச் சுமப்பது. ஆரோக்கியமான அணு மாவு உருண்டையைத் தட்டியதுபோல் நடுவில் குழிந்து, மிருதுவாக இருக்கும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் உடம்பை வளைத்து நுழைந்து வெளியே வந்துவிடும். சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அரிவாள் செல் நோயில், ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால், பிராணவாயுவை இறக்கி வைத்ததும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன. அணு உள்ளிருந்து விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாள்போல வளைகிறது. நுரையீரலுக்குத் திரும்பிப் பிராணவாயு கிடைத்ததும் மீண்டும் இளகும். இப்படி விறைத்து இளகி, விறைத்து இளகி, பத்து இருபது நாளிலேயே உடைந்துபோகிறது.

விறைத்த அணுக்கள் குழாயில் அடைத்துக்கொண்டால் எலும்பிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் கடுமையான வலி வரும். இந்த நோயைக் கேள்விப்பட்டவர்களுக்குத் தெரிந்தது இந்த வலிதான். நோயாளிகளும் குடும்பத்தாரும் அதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். “இந்த வருஷம் ஒரு தடவைதான் வார்டில் சேர்த்தோம், பரவாயில்லை” என்பார்கள். வலியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் வலி வராத மாதங்களிலும் உள்ளே ஒரு வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அது நடக்கும் இடம் இரத்தக்குழாயின் உள்சுவர்.

இந்த உள்சுவர் வெறும் பூச்சு அல்ல, உயிருள்ள ஒரு படலம். எவ்வளவு இரத்தம் தேவையோ அதற்கேற்பக் குழாயை விரிக்கவும் சுருக்கவும் அது கட்டளை கொடுக்கிறது. விரியச் சொல்லும் கட்டளையைக் கொண்டு போவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. மனித உடம்புக்குள் ஒரு வாயு இப்படித் தூது போகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைவதால், அவற்றுக்குள் அடைபட்டிருந்த ஹீமோகுளோபின் வெளியே சிந்துகிறது. சிந்திய ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட இடத்தில் விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்த வாயுவைத் தயாரிக்கத் தேவையான ஆர்ஜினைன் என்ற மூலப்பொருளைச் சிதைக்கும் நொதியும் உடைந்த அணுவிலிருந்து வெளியாகிறது. தூதனும் போய்விட்டான், தூதனை உருவாக்கும் சரக்கும் குறைந்துவிட்டது. விரிய வேண்டிய நேரத்தில் சிறு குழாய்கள் விரிவதில்லை. உள்சுவர் பிசுபிசுப்பாகி, இளம் சிவப்பணுக்களையும் வெள்ளணுக்களையும் இழுத்து ஒட்டிக்கொள்கிறது. இரத்தம் மெதுவாகிறது. மெதுவாகும்போது அணு விறைக்க அவகாசம் கிடைக்கிறது. அடைப்பு அங்கே தொடங்குகிறது.

இதைப் படித்ததும், “அப்படியென்றால் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தால் சரியாகிவிடாதா?” என்று தோன்றுகிறதல்லவா? ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. சில்டெனாஃபில் மாத்திரை அந்த வழியில்தான் வேலை செய்கிறது. நுரையீரல் இரத்த அழுத்தம் கூடிய அரிவாள் செல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்கள்தான் கூடுதலாக வலி வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2009இல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் சரியாகப் பொருந்துவதெல்லாம் உடம்பில் பொருந்திவிடாது.

பெரிய குழாய் மிருது, சிறிய குழாய் கடினம்

சரி, இரத்தக்குழாய் விறைப்பு என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்? இதயம் ஒருமுறை துடித்ததும் பெருந்தமனி வழியாக ஓர் அலை கிளம்புகிறது. கழுத்தில் ஒரு கருவி, தொடையிடுக்கில் ஒரு கருவி வைத்து, அலை முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். குழாய் மிருதுவாக இருந்தால் அலை மெதுவாகப் போகும், விறைத்திருந்தால் விரைந்து ஓடும். பொதுவாக விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் இதய நோய் அபாயம் கூடியிருக்கிறது என்று கொள்வார்கள். நீரிழிவும் புகைப்பழக்கமும் முதுமையும் இந்த வேகத்தைக் கூட்டும்.

இவ்வளவு அடிபடும் குழாய்கள் என்றால், அரிவாள் செல் நோயாளிகளிடம் அலையின் வேகம் கூடத்தானே இருக்க வேண்டும்? அளந்து பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் 3,600க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அந்த நோய் இல்லாதவர்களைவிட நோயாளிகளிடம் அலையின் வேகம் குறைவு. அதாவது பெருந்தமனி கூடுதல் மிருது. அதற்கு முன் 2004இல் வந்த ஒரு சிறிய ஆய்வும் இதையே காட்டியிருந்தது.

இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாளிக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்றுதான் இருக்கும். அணுக்கள் குறைந்த இரத்தம் நீர்த்திருக்கும். பிராணவாயுப் பற்றாக்குறையை ஈடுகட்ட இதயம் கூடுதல் இரத்தத்தை வெளியே தள்ளும், பெரிய குழாய்கள் அதற்கு இடம் கொடுத்துத் தளர்ந்திருக்கும். சிறுநீரகமும் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கத் திணறுவதால் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். தாழ்ந்த அழுத்தத்தில் இருக்கும் குழாய் மிருதுவாகத்தான் தெரியும். அதே ஆப்பிரிக்க ஆய்வில், எல்லைப்புறச் சிறு குழாய்களில் மோதித் திரும்பி வரும் அலையை அளந்தபோது, அது நோயாளிகளிடம் வயது ஏற ஏற மற்றவர்களைவிட விரைவாகக் கூடிக்கொண்டு போனது. நெடுஞ்சாலை காலியாக இருக்கிறது, நெரிசல் எல்லாம் தாமான் சந்துகளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் கேமரா வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது 132க்கு 84க்குத் திரும்புவோம். அரிவாள் செல் நோயாளிகளின் இரத்த அழுத்தம் அதே வயதுடைய மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 1997இல் காட்டியது. அந்த ஆய்வின் இரண்டாவது முடிவு முக்கியமானது. நோயாளிகளிடையே யாருக்கு அழுத்தம் கூடுதலோ அவர்களுக்குப் பக்கவாதமும் மரணமும் கூடுதல். பொது மக்களுக்கு இன்னும் ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று பெயர் வைக்காத அளவிலேயே இந்த அபாயம் தொடங்கிவிடுகிறது. மேல் எண் 120இலிருந்து 139 வரை, கீழ் எண் 70இலிருந்து 89 வரை இருப்பவர்களை ஒப்பீட்டளவில் உயர் அழுத்தம் உள்ளவர்கள் என்று பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பும் நுரையீரல் அழுத்தமும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு 130க்கு 80 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது. நமக்குப் பழகிய 140க்கு 90 இவர்களுக்குப் பொருந்தாது.

இதைப் படித்துவிட்டு 122 வந்ததும் பதறி மாத்திரை கேட்க வேண்டாம். சில அழுத்த மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டி உடம்பை வற்றச் செய்யும். வற்றிய உடம்பில் அணு இன்னும் சுலபமாக விறைக்கும். எனவே எந்த மாத்திரை என்பதை நோயை அறிந்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நோயாளி செய்யக்கூடியது ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்வது. நன்றாக இருக்கும் நாளில் தன்னுடைய இரத்த அழுத்தம் என்ன, ஹீமோகுளோபின் என்ன, விரல் நுனியில் பார்க்கும் ஆக்சிஜன் அளவு என்ன என்று எழுதி வைத்திருந்தால், நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் புது டாக்டருக்கு அதைவிட உபகாரம் வேறில்லை.

பிள்ளையின் தலையில் வைக்கும் கருவி

இந்த நோயில் குழாய்ப் பாதிப்பின் மிகக் கொடிய முகம் பக்கவாதம். கிழவர்களுக்கு அல்ல, பிள்ளைகளுக்கு. முறையான தடுப்பு வருவதற்கு முன், கடுமையான வகை அரிவாள் செல் நோயுள்ளவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வந்தது. இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் அபாயம் மிக அதிகம். இங்கே அடைபடுவது நுண்குழாய் மட்டுமல்ல. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகளின் உள்சுவரே தடித்து வளர்ந்து வழியைக் குறுக்குகிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிட்டுப் போகுமல்லவா? குறுகிய தமனியிலும் இரத்தம் அப்படித்தான் விரையும். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கருவியை வைத்து, ஒலி அலைகளால் அந்த வேகத்தை அளந்துவிடலாம். டாப்ளர் ஸ்கேன் என்கிறோம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை. பிள்ளை விழித்திருக்க வேண்டும், ஏனெனில் தூக்கத்தில் மூளையின் இரத்த ஓட்டம் மாறிவிடும். காய்ச்சல் நேரத்திலும் செய்யக் கூடாது. விநாடிக்கு 170 செண்டிமீட்டருக்குக் கீழ் என்றால் சரி. 200 அல்லது அதற்கு மேல் என்றால், பிள்ளை ஓடி ஆடிக்கொண்டிருந்தாலும் பக்கவாத அபாயம் மிகக் கூடுதல். இடையில் இருந்தால் சீக்கிரமே மறுபடியும் பார்ப்பார்கள்.

அந்த 200 என்ற எண்ணுக்குப் பின்னால் மருத்துவ வரலாற்றின் மிக நல்ல சோதனைகளில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற நரம்பியல் நிபுணர் தலைமையில், 200ஐத் தாண்டிய 130 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றினார்கள். வழக்கமான பிரிவில் 11 பிள்ளைகளுக்குப் பக்கவாதம் வந்தது. இரத்தம் ஏற்றிய பிரிவில் ஒரே ஒரு பிள்ளைக்கு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்ற பிள்ளைகளைக் காக்க வைக்க மனமில்லாமல் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 1998இல் முடிவு வெளியானது. சில வருடம் இரத்தம் ஏற்றி வேகம் குறைந்த பிறகு நிறுத்திவிடலாமா என்று அடுத்ததாகப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் பலருக்கு வேகம் மீண்டும் ஏறியது, இரண்டு பேருக்குப் பக்கவாதமே வந்தது. குழாயின் காயம் ஆறிப்போகவில்லை, அடக்கி மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் 2016இல், தமனிகள் மோசமாகக் குறுகியிராத பிள்ளைகளை ஒரு வருடமாவது இரத்தம் ஏற்றிய பிறகு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாற்றலாம் என்று தெரிந்தது. பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். மாதாமாதம் இரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்புச்சத்து சேர்ந்து, அதை நீக்கத் தனி மருந்து வேண்டியிருக்கும்.

கடுமையான வகை நோயுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை வருடம் ஒருமுறை இந்த ஸ்கேன் செய்ய வேண்டும். இங்கே இந்த நோயாளிகள் மிகக் குறைவு. எல்லா மருத்துவமனையிலும் அதை ஞாபகப்படுத்த ஆள் இருக்கமாட்டார்கள். பெற்றோரே கேட்க வேண்டும். கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், நினைத்தாலும் கேளுங்கள். பிள்ளைக்குத் திடீரென்று ஒரு கை கால் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். படிப்பில் திடீர்ப் பின்னடைவு இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெளியே அடையாளமே இல்லாமல் மூளையில் சிறு தழும்புகள் விழுவது இந்தப் பிள்ளைகளிடம் சகஜம். ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எழுதிவிடுவார்.

ஏமாற்றும் எண்கள் இன்னும் சில உண்டு.

சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்ப்பது நமக்கெல்லாம் பழக்கம். இந்த நோயில் இளம் வயதில் சிறுநீரகம் அளவுக்கு மீறி வேலை செய்வதால் கிரியேட்டினின் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். பாதிப்பு கணிசமாக நடந்த பிறகும் எண் ‘நார்மல்’ கட்டத்துக்குள்ளேயே இருக்கும். சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பத்து வயதிலிருந்து வருடம் ஒருமுறை அதைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நீரிழிவுக்கு மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை செய்கிறோமே, எச்பிஏ1சி, அது சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளப்பது. அணுவே இருபது நாளில் செத்துப்போனால் மூன்று மாதச் சர்க்கரை எங்கே ஒட்டும்? எண் பொய்யாகக் குறைந்து காட்டும். நீரிழிவு இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்ட நம் சமூகத்தில் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நேரடியாக இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது போன்ற வேறு வழிகள் உள்ளன.

எதிர்த்திசையில் ஏமாற்றும் எண்ணும் உண்டு. எக்கோ ஸ்கேனில் பார்த்தால், நுரையீரல் தமனியின் அழுத்தம் கூடியிருக்கலாம் என்ற சந்தேகம் பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வருகிறது. 2004இல் வந்த அந்தச் செய்தி பலரைப் பயமுறுத்தியது. பிறகு பிரான்சில் இதயத்துக்குள் குழாய் விட்டு நேரடியாக அளந்தபோது, உண்மையில் அந்த நோய் உறுதியானவர்கள் 6 விழுக்காட்டினர்தான். எக்கோவில் சற்றுக் கூடுதல் என்று வந்தால் அலட்சியமும் வேண்டாம், அன்றைக்கே உயில் எழுதவும் வேண்டாம். மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஹீமோகுளோபின் விஷயத்தில்தான் குடும்பங்கள் மிகவும் தடுமாறுகின்றன. அறிக்கையில் 8 என்று பார்த்ததும் பாட்டி முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுக்க ஆரம்பிப்பார். அது சாப்பாடு, கொடுக்கட்டும். ஆனால் இந்தச் சோகைக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு இல்லை, அணுக்கள் சீக்கிரம் உடைவது. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவதால் பயனில்லை, இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்குக் கெடுதலும்கூட. இன்னும் சிலர், “இரண்டு பை இரத்தம் ஏற்றி 12க்குக் கொண்டுவந்துவிடுங்களேன்” என்று டாக்டரை வற்புறுத்துவார்கள். விறைத்த அணுக்களை வெளியே எடுக்காமல் மேலே மேலே ஏற்றினால் இரத்தம் கெட்டியாகிவிடும். கெட்டியான இரத்தம் அதே சந்துகளில் போக முடியாமல் நின்று பக்கவாதத்தையே உண்டாக்கலாம். அதனால்தான் 8லேயே நன்றாக நடமாடுகிறவரை டாக்டர்கள் 8லேயே விடுகிறார்கள்.

வோக்ஸெலோட்டர் என்ற மருந்தின் கதையும் இதுதான். ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எண்ணும் ஏறத்தான் செய்தது. ஆனால் வலி நெருக்கடிகளும் மரணங்களும் பற்றிக் கவலைக்குரிய தகவல்கள் சேர்ந்ததால், 2024 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதிலும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய, விலை குறைந்த ஹைட்ராக்ஸியூரியாதான் இன்னும் தூணாக நிற்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இயற்கை கொடுக்கும் ஒருவகை ஹீமோகுளோபினை அது மறுபடியும் சுரக்க வைத்து, அணு விறைப்பதைத் தடுக்கிறது. அடிக்கடி வலி வரும் பெரியவர்களுக்கு நெருக்கடிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைவதை 1995இலேயே நிரூபித்துவிட்டார்கள். புற்றுநோய்க்கும் கொடுக்கிற மாத்திரை என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அளவு வேறு, கண்காணிப்பு வேறு. பிள்ளை பெறத் திட்டமிடுகிறவர்கள் மட்டும், ஆணோ பெண்ணோ, முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. விலை இருபது லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல். இப்போதைக்கு அது நமக்குச் செய்தி மட்டுமே.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை பெரிய இரகசியங்கள் அல்ல. இந்தச் சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்காது, அதனால் நம் ஊர் வெயிலில் புட்டியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளை அடிக்கடி கழிப்பறைக்குப் போகக் கேட்டால் விடும்படி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். குளிர் பட்டால் தோலின் குழாய்கள் சுருங்கும். அலுவலக ஏர்கோனுக்கு நேர்க்கீழே உட்காராமல் இடம் மாற்றிக் கேட்பதும், நீச்சல் முடிந்ததும் உடனே துவட்டி உடை மாற்றுவதும், மழையில் நனைந்த சட்டையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டாமல் இருப்பதும் சின்ன விஷயங்கள்தாம், ஆனால் ஒரு வார்டு வாசத்தையே தவிர்க்கக்கூடியவை. 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பேனடோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. இவர்களுடைய மண்ணீரல் சிறுவயதிலேயே செயலிழந்துவிடுவதால் கிருமி இரத்தத்தில் பரவச் சில மணி நேரம் போதும்.

வளர்ந்த பையன்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆணுறுப்பில் இரத்தம் தேங்கி, வலியோடு விறைப்பு நீடிப்பதும் இந்த நோயின் குழாய்ப் பிரச்சினைதான். பையன் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டான். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்பதால், அதற்கு முன்பே மருத்துவமனையில் இருக்க வேண்டும். அப்பாவோ மாமாவோ யாராவது ஒருவர் முன்கூட்டியே அவனிடம் பேசி வைத்திருப்பது நல்லது.

மரபணு ஒன்று மட்டும் உள்ள கேரியர்களுக்கு மேலே சொன்ன குழாய்ப் பாதிப்புகள் இல்லை. வேலை, விளையாட்டு, கல்யாணம் எதற்கும் தடையில்லை. அரிதாகச் சிறுநீரில் இரத்தம் வரலாம், கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வருத்தினால் ஆபத்து நேரலாம். நண்பர்களோடு 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை ஏறத் திட்டமிடும் கேரியர், அந்த உயரத்தில் மண்ணீரல் அடைபட்டு இடது விலாவின் கீழ் வலி வரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதை அறிந்து, போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். மலைமேல் அப்படி வலித்தால் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஏற்றத்தை நிறுத்தி உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.